உண்மை வந்தது, வழக்கு போனது

ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்டார்கள் ரீகன் அரசின் அதிகாரிகள். கான்ட்ராக்களுக்கு ராணுவ உதவி கூடாது என்று காங்கிரஸ் (அவர்கள் நாடாளுமன்றம்தான், நம் கட்சி அல்ல!) சட்டம் போட்டிருந்த காலம் அது. 1986 நவம்பரில் குட்டு உடைந்தது.

முக்கியப் புள்ளி ஆலிவர் நார்த். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவரைப் பேசவைக்க, 'நீங்கள் இங்கே சொல்வதை வழக்கில் உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம்' என்று காங்கிரஸ் உறுதி கொடுத்தது. 1987 ஜூலையில் சீருடையோடு வந்து ஆறு நாள் பேசினார். ஆவணங்களை அழித்ததை ஒப்புக்கொண்டார். நாடே டிவி முன் உட்கார்ந்திருந்தது.

வழக்கு கெட்டுவிடும் என்று தனி வழக்கறிஞர் லாரன்ஸ் வால்ஷ் முன்பே எச்சரித்திருந்தார். அதுவரை சேர்த்த ஆதாரங்களை சீல் வைத்தும் வைத்தார். 1989இல் மூன்று குற்றங்கள் நிரூபணமாயின. ஆனால் 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. சாட்சிகளும் அந்த டிவியைப் பார்த்தவர்கள்தானே, நார்த் சொன்னது அவர்கள் நினைவில் கலக்கவில்லை என்று எப்படிக் காட்டுவது? 1991இல் வழக்கே கைவிடப்பட்டது.

காங்கிரஸ் சில மாதங்கள் பொறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். நார்த்தின் மேலதிகாரி பாயின்டெக்ஸ்டரும் அதே உறுதியின் பேரில் சாட்சி சொன்னவர். அவர் மீதான தீர்ப்பும் அதே காரணத்தால் ரத்தானது.