கல்லூரி விழிப்புணர்வு நிகழ்ச்சிகள்: புகார்க் குழு யாரைக் காக்கிறது, யாரை விட்டுவிடுகிறது?

கார்வேட்டிநகரம்: கல்லூரி வளாகங்களில் பாலியல் வன்முறைக்கு எதிரான விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும், தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர் உள்ளிட்ட பால்புதுமையரை உள்ளடக்கும் நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் தனித்தனியே நடத்தப்படுகின்றன. முதலாவது மகளிர் மேம்பாட்டுப் பிரிவின் கடமையாகவும், இரண்டாவது ஆர்வமுள்ள சில மாணவர்களின் முயற்சியாகவும் நின்றுவிடுவது வழக்கம். ஆனால் நடைமுறையில் உள்ள சட்டங்களையும் விதிகளையும் சேர்த்துப் படித்தால், இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது என்பது புலப்படும். பாலியல் வன்முறைக்கு உள்ளாகும் திருநர் மாணவருக்கோ ஆண் மாணவருக்கோ குற்றவியல் சட்டத்தில் உள்ள பாதுகாப்பு மிகக் குறைவு. வளாகத்தின் உள்ளகப் புகார்க் குழுவே அவர் அணுகக்கூடிய முதல் இடமாக அமைகிறது. அந்தக் குழுவின் கதவும் எல்லா நிறுவனங்களிலும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை.

ஆந்திர மாநிலத்தின் தமிழக எல்லையோரப் பகுதியிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உள்ளது. திருப்பதியில் 1954இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983இல் நிறுவப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) வரம்புக்குள் வருபவை. சித்தூர் மாவட்டம் கார்வேட்டிநகரத்தில் இருப்பது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். 1986ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையைத் தொடர்ந்து நாடெங்கும் மாவட்டந்தோறும் உருவாக்கப்பட்ட இவ்வகை நிறுவனங்கள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பட்டயப் பயிற்சி அளிப்பவை. மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இயங்குபவை. யுஜிசியின் விதிகள் இவற்றை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை.

யுஜிசி விதிகளில் உள்ளது என்ன?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்து உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகளே 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளம். அச்சட்டத்தை உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பொருத்தும் வகையில் யுஜிசி தயாரித்த 2015ஆம் ஆண்டு விதிகள், 2016 மே மாதம் அறிவிக்கை செய்யப்பட்டன. இவ்விதிகளின் தலைப்பு பெண் ஊழியர்களையும் மாணவிகளையும் மட்டுமே குறிப்பிடுகிறது. ஆயினும் நிறுவனங்களின் கடமைகளை விவரிக்கும் பகுதியில், அனைத்துப் பாலினத்தைச் சேர்ந்த ஊழியர்கள், மாணவர்கள் மீதான பாலின அடிப்படையிலான வன்முறைக்கு எதிராகவும் உறுதியான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. பெண்களே முதன்மையாகப் பாதிக்கப்படுகின்றனர் என்பதுடன், ஆண் மாணவர்களில் சிலரும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள் என்பதையும் அப்பகுதி ஏற்கிறது. தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான இந்த முரண் இன்றுவரை நீங்கவில்லை. விதியைத் தலைப்போடு படித்து நிறுத்திக்கொள்ளும் கல்லூரியில், திருநர் மாணவரின் புகார் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு உண்டு.

குழுவின் அமைப்பும் விதிகளில் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. மூத்த பெண் பேராசிரியர் தலைமை வகிப்பார். ஆசிரியர்கள் இருவர், ஆசிரியரல்லாப் பணியாளர்கள் இருவர், தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த ஒருவர் ஆகியோர் இடம்பெறுவர். மாணவர் தொடர்பான புகாராயின், தேர்தல் வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் மூவரும் உறுப்பினர்களாவர். மொத்த உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் உறுப்பினராகக் கூடாது. மாணவர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பல நிறுவனங்கள் அக்கறை காட்டுவதில்லை. தேர்தல் என்ற சொல்லே பல வளாகங்களுக்குக் கசப்பானது.

சம்பவம் நிகழ்ந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்க வேண்டும். எழுத இயலாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 3 மாத அவகாசம் வழங்கலாம். உடல் அல்லது மன நலக் காரணங்களால் புகார் அளிக்க முடியாத நிலையில் இருப்பவருக்காக நண்பர், உறவினர், சக மாணவர், உளவியலாளர் ஆகியோர் புகார் அளிக்கலாம். விசாரணை 90 நாள்களில் முடிக்கப்பட வேண்டும். புகாரை மெய்ப்பிக்க இயலவில்லை என்பதற்காக மட்டும் அது பொய்ப்புகார் ஆகிவிடாது. புகார் அளிக்கத் தயங்கும் மாணவர்களுக்கு முதலில் சொல்லப்பட வேண்டிய செய்தி இதுவே.

இதேபோல் அதிகம் அறியப்படாத மற்றொரு விதியும் உண்டு. ராகிங் தடுப்பு விதிகளில் 2016 ஜூன் மாதம் யுஜிசி செய்த திருத்தம், பாலினம் (திருநர் உட்பட), பாலியல் நாட்டம் ஆகியவற்றின் அடிப்படையில் ஒரு மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதையும், ஒதுக்கிவைப்பதையும் ராகிங் என்று வரையறுத்தது. நடையையோ குரலையோ கேலி செய்து ஒருவரை விடுதியில் தனிமைப்படுத்துவது விளையாட்டு அன்று; நடவடிக்கைக்கு உரிய குற்றம்.

குற்றவியல் சட்டத்தின் இடைவெளி

உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் திருநரின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோர் இசைவுடன் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை முழுவதுமாக நீக்கவில்லை. இசைவற்ற செயல்களுக்கு அப்பிரிவு தொடர்ந்து பொருந்தியது. ஆண்களும் திருநரும் வன்புணர்வுக்கு உள்ளானால் பயன்பட்டது அந்த எச்சமே.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவுக்கு இணையான எதுவும் இடம்பெறவில்லை. அதனை ஒத்த பிரிவைத் தக்கவைக்குமாறு நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்திருந்தும் ஏற்கப்படவில்லை. புதிய சட்டத்திலும் வன்புணர்வு என்பது ஆண், பெண்ணுக்கு இழைக்கும் குற்றமாகவே வரையறுக்கப்பட்டுள்ளது. இந்த இடைவெளி குறித்து முடிவெடுக்குமாறு 2024 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசை அறிவுறுத்தியது. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்று கூறி, இது தொடர்பான மனுவை அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

திருநருக்கெனத் தனிச் சட்டம் உள்ளதே என்ற கேள்வி எழலாம். 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வடிவில், திருநர் மீதான பாலியல் வன்கொடுமைக்கு அச்சட்டம் விதித்த தண்டனை 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை மட்டுமே. பெண்ணை வன்புணர்வு செய்த குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டுகள். 18 வயது நிரம்பாதவர் எப்பாலினத்தவராயினும் போக்சோ சட்டம் அவரைக் காக்கும். பதினெட்டைக் கடந்த மறுநாளே அந்தப் பாதுகாப்பு விலகிவிடுகிறது.

நீதிமன்றங்கள் சில இடங்களில் இந்த வரம்பை நெகிழ்த்தியுள்ளன. திருநங்கை ஒருவர் தொடுத்த குடும்ப வன்கொடுமை வழக்கில், அவரைப் பெண்ணல்ல என்று கூறிச் சட்டப் பாதுகாப்பை மறுக்க முடியாது என 2025 ஜூனில் ஆந்திர உயர் நீதிமன்றம் கூறியது. போதிய ஆதாரமின்மையால் அவ்வழக்கு ரத்து செய்யப்பட்ட போதிலும், கோட்பாடு நிலைபெற்றது.

கார்வேட்டிநகரம் போன்ற நிறுவனங்களின் நிலை

யுஜிசி வரம்புக்கு வெளியே உள்ள ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அரசு நிதியில் இயங்கும் நிறுவனம் எதுவும் அச்சட்டத்தின் பார்வையில் பணியிடமே. அங்கு பணிபுரியாத பெண்ணும் புகார் அளிக்கலாம் என்பதால் பயிற்சி மாணவிகளும் அதன் கீழ் வருவர். 10 பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு இருக்காது. புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் அளிக்க வேண்டும். இக்குழுக்கள் பல மாவட்டங்களில் ஏட்டளவிலேயே இருப்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், எல்லா மாவட்டங்களிலும் பொறுப்பு அலுவலரை 2024 டிசம்பர் 31க்குள் நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஆனால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண் பயிற்சி மாணவருக்கு இடமில்லை. யுஜிசி விதிகளில் உள்ள அந்த ஒரு வாசகமும் இங்கு துணைக்கு வராது. திருப்பதியின் பல்கலைக்கழக மாணவர் சுட்டிக்காட்டக்கூடிய விதியை, கார்வேட்டிநகரத்தின் பயிற்சி மாணவர் சுட்டிக்காட்ட முடியாது. மாநில அரசு தனி ஆணை பிறப்பித்தாலன்றி, நிறுவனத் தலைவரின் நல்லெண்ணமே அவருக்குப் புகலிடம்.

ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் இக்குறை கூடுதல் கவலைக்கு உரியது. இன்று பயிற்சி பெறுவோர் நாளை பள்ளிக் குழந்தைகள் முன் நிற்பர். போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றமாகும். திருநர் குழந்தைகளைப் பள்ளிக் கல்வியில் சேர்ப்பது குறித்து என்சிஇஆர்டி தயாரித்த ஆசிரியர் பயிற்சிக் கையேடு, எதிர்ப்புகளைத் தொடர்ந்து 2021 நவம்பரில் சில நாள்களிலேயே இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. திருநங்கை என்பதற்காகப் பள்ளிகளில் வேலை மறுக்கப்பட்ட ஆசிரியை ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஆலோசனைக் குழுவை அமைத்தது.

குழு இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் அண்மைக் காலச் சான்று உண்டு. ஒடிசாவின் பாலேஸ்வரில் உள்ள கல்லூரியில் ஆசிரியர் கல்வி பயின்ற மாணவி, துறைத் தலைவர் மீது அளித்த பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உரிய நடவடிக்கை இல்லை எனக் கூறி 2025 ஜூலையில் தீக்குளித்து, 14ஆம் தேதி உயிரிழந்தார். துறைத் தலைவரும் கல்லூரி முதல்வரும் கைது செய்யப்பட்டனர்.

நிகழ்ச்சிகள் எவ்வாறு அமைகின்றன?

அமெரிக்காவில் ஏப்ரல் மாதம் பாலியல் வன்முறை விழிப்புணர்வு மாதமாகவும், ஜூன் பால்புதுமையர் பெருமித மாதமாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. இந்தியக் கல்லூரிகளில் ஏப்ரல் தேர்வுக் காலம். ஜூனில் வளாகங்கள் பெரும்பாலும் வெறிச்சோடியிருக்கும். பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25 முதல் மனித உரிமைகள் நாளான டிசம்பர் 10 வரையிலான 16 நாள்கள் இங்குப் பொருத்தமானவை. வன்முறைக்குப் பலியான திருநரை நினைவுகூரும் நவம்பர் 20 அதற்கு மிக அண்மையில் வருவதால், இரு பொருள்களையும் ஒரே நிகழ்ச்சியில் இணைப்பது எளிது.

உடைகளைக் காட்சிப்படுத்துவது பல நாடுகளில் பரவிய முறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1990இல் 31 சட்டைகளைக் கொடியில் தொங்கவிட்டு இது தொடங்கியது. பெங்களூருவில் 2003இல் மாணவர் திட்டமாகப் பிறந்த 'பிளாங்க் நாய்ஸ்' இயக்கமும், துன்புறுத்தலின்போது அணிந்திருந்த உடைகளைப் பெண்களிடமிருந்து திரட்டியது. பேசத் தயங்குவோர் பெயரின்றிப் பங்கேற்க முடிவதே இம்முறையின் வலிமை. மேடையேறி அனுபவத்தைச் சொல்லுமாறு மாணவர்களை வற்புறுத்தும் நிகழ்ச்சிகள் நேர் எதிரான விளைவைத் தரக்கூடும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் நிகழ்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கை கசிந்ததால், மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் சிறை விதிக்கப்பட்டது.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை, வண்ணக் கொடிகளைவிடச் சிறு நிர்வாக மாற்றங்களே நீடித்த பயன் தந்துள்ளன. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2018இல் பாலின வேறுபாடற்ற விடுதி வசதியை ஏற்படுத்தியது. ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகமும் 2022இல் இத்தகைய வசதிகளை அறிவித்தது. விண்ணப்பங்களில் திருநருக்குத் தனி இடம், சான்றிதழ்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றும் வசதி, பாலின வேறுபாடற்ற கழிவறை ஆகியவற்றைக் கல்வி நிறுவனங்கள் ஏற்படுத்த வேண்டும் என்று 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அறிவுறுத்தினார். மரியாதையான சொற்கள் இல்லாத குறையைப் போக்க, தமிழக அரசு 2022இல் அரசிதழில் சொற்பட்டியல் வெளியிட்டது.

உதவி தேவைப்படுவோர் அவசர அழைப்புக்கு 112, மகளிர் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, ராகிங் புகாருக்கு 1800-180-5522 ஆகிய எண்களை அழைக்கலாம். காவல் நிலைய எல்லையைக் காரணம் காட்டி முதல் தகவல் அறிக்கை பதிய மறுக்கக் கூடாது. துன்புறுத்தல் பலமுறை தொடர்ந்திருப்பின், உள்ளகக் குழுவுக்கான 3 மாதக் கெடு கடைசிச் சம்பவம் நிகழ்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும்.