கேரியரில் ஏறிய கணினி



கல்லூரியின் பெரிய வரலாற்றை எழுதத் தகுதியானவர்கள் இம்மலரில் பலர் உண்டு. நான் ஒரு பொறியாளன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாமான்களின் வரலாறு. அதில் ஒரு சிறு பகுதியாக, சைக்கிளில் லேப்டாப் ஏறிய கதையை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். இன்னமும் சைக்கிளில் வரும் மாணவர்களுக்குக் கொஞ்சம் பயன்படும்.

பாலமும் பாதையும்

டவுணிலிருந்து பாளையங்கோட்டைக்கு சைக்கிள் மிதித்தவர்களுக்கு வழியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்ச்சைத் தாண்டினால் நெடுஞ்சாலை, பிறகு ஜங்ஷன், ஈரடுக்கு மேம்பாலம், ஆற்றுப் பாலம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி. இந்தப் பாதையே ஒரு வரலாறுதான். தாமிரபரணியைப் பரிசலிலும் படகிலும் கடந்த காலம் ஒன்று இருந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843இல் வந்தது. ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் 1973இல் வந்தது. அதில் மேல் அடுக்கு பஸ், லாரிகளுக்கு. கீழ் அடுக்கு சைக்கிள் போன்ற சிறு வண்டிகளுக்கு. சைக்கிள்காரனையும் ஒரு ஆளாக மதித்து அவனுக்கென்று ஓர் அடுக்கைக் கட்டிய ஊர் நம் ஊர் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

அந்தப் பாதையில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் கறுப்பு நிற, உயரமான ரோட்ஸ்டர் சைக்கிள்கள். முருகப்பா குழுமம் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைத் தந்தது. லூதியானாவிலிருந்து 1956 முதல் ஹீரோ வந்தது. அரிசி மூட்டை, வாழைத்தார், விறகுக்கட்டு, டபுள்ஸ் என்று எல்லாவற்றையும் அந்த கேரியர் தாங்கியது. இவையெல்லாம் குலுங்கினால் கெட்டுப்போகாத சுமைகள். பால்காரர் மட்டும் விவரமானவர். கேன்களைக் கேரியருக்கு மேலே வைக்காமல், இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டார். கனம் கீழே இருந்தால் வண்டி ஆடாது என்பதை அவருக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை.

கையில் எடுத்துப் போகும் கணினி

தூக்கிச் செல்லலாம் என்று சொல்லி விற்கப்பட்ட ஆஸ்பார்ன்-1 கணினி 1981இல் வெளிவந்தது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. அரை மூட்டை அரிசி என்றே சொல்லலாம். 1983இல் வந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 வேறு ஜாதி. ஒன்றரைக் கிலோவுக்குள் எடை, நாலு பென் டார்ச் பேட்டரியில் ஓட்டம்.

அந்த ஆண்டே ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளில் மாடல் 100ஐ ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். சூரிய ஒளித் தகடு மின்சாரம் கொடுத்தது. வழியில் கட்டுரை எழுதி, பொதுத் தொலைபேசி மூலம் அனுப்பிப் பிழைத்தார். முதல் பயணத்திலேயே ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். 1991இல் அவர் உருவாக்கிய ‘பெஹிமோத்’ என்ற வண்டி, டிரெய்லரோடு சேர்த்து 260 கிலோ, 105 கியர். கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றிருக்கிறது.

அத்தனை தூரம் குலுங்கியும் அந்தக் குட்டிக் கணினி தாங்கியதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. அதற்குள் ஹார்டு டிஸ்க் கிடையாது. சுழலும் பாகமே இல்லை.

தட்டும் முனையும்

1980களின் கடைசியில் லேப்டாப்புக்குள் ஹார்டு டிஸ்க் நுழைந்தது. கூடவே பயமும் நுழைந்தது. உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை போலச் சுற்றும். அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். நம் தலைமுடியின் பருமனே பல்லாயிரம் நானோமீட்டர். ஓடிக்கொண்டிருக்கும்போது ஓங்கி ஒரு குலுக்கல் விழுந்தால் முனை தட்டில் உரசும். எழுதி வைத்ததெல்லாம் போச்சு. கணினியை முழுதாக அணைத்துவிட்டால் முனை தன் இடத்தில் போய் ஒதுங்கிக்கொள்ளும். அப்போது அதே குலுக்கலை நன்றாகவே தாங்கும்.

காரில் காற்றுப்பை விரிவதற்கு ஒரு உணர்கருவி இருக்கிறதல்லவா? அதே வழியில், விழுவதை முன்கூட்டியே உணர்ந்து முனையை ஒதுக்கும் ஏற்பாட்டை ஐ.பி.எம். 2003இல் தன் திங்க்பேடுகளில் கொண்டுவந்தது. 2005இல் ஆப்பிளும் அதைப் போலச் செய்தது.

நம் ஊருக்கு வந்த இரண்டு பரிசுகள்

தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பிறகு படிப்படியாக அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மேல்நிலை மாணவர்கள் அனைவருக்கும் விரிந்தது. இலவச லேப்டாப் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். அடுத்த எட்டு ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் கொடுக்கப்பட்டன. முதலில் வந்தவற்றில் 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க், அதாவது சுழலும் தட்டு, இருந்தது.

எங்கள் வீட்டில் தங்கைக்கு ஒரு வருஷம் சைக்கிள், மறு வருஷம் லேப்டாப். அப்பா சம்பளத்தில் லேப்டாப்பை நினைத்தே பார்த்திருக்க முடியாது. தெருவில் பாதி வீட்டுக்கு அதுதான் முதல் கணினி. சைக்கிளைத் தேர்ந்தெடுத்த அதிகாரிக்கு லேப்டாப் வரப்போவது தெரியாது. லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தவர் சைக்கிளை நினைத்திருக்க மாட்டார். இரண்டையும் சேர்த்துக் கட்டிய பொறுப்பு பிள்ளைகள் தலையில் விழுந்தது. கட்டுவதற்குக் கிடைத்தது என்ன? நீளவாக்கில் வெட்டிய பழைய டியூப்!

நான் லேப்டாப்பைக் கேரியரில் வைத்துக் கட்டுவதைப் பார்த்த சைக்கிள் கடை அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: “ஏல, ஒனக்கு சீட்டுக்கு அடியில ஸ்பிரிங் இருக்கு. அதுக்கு என்ன இருக்கு? முதுகுல போட்டுட்டுப் போகச் சொல்லுல.”

பொறியியல் படித்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கேரியர் பின் சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது. குழியின் அடி நேரே அங்கேதான் ஏறும். முதுகில் இருந்தால் சீட்டு ஸ்பிரிங்கும், நம் இடுப்பும் முழங்காலும் பாதி அடியை வாங்கிக்கொள்ளும்.

இன்றைய நிலை

2008க்குப் பிறகு தட்டில்லாத எஸ்.எஸ்.டி. மெல்ல மெல்லப் பரவியது. இன்று புதிதாக வாங்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் அதுதான். ஒரு வகையில் மாடல் 100இன் வழிக்கே திரும்பி வந்திருக்கிறோம். அதனால் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது இடம் மாறியிருக்கிறது. இப்போது முதலில் உடைவது திரை. பெரும்பாலும் குழியால் அல்ல, பையில் மேலே அமுங்கும் புத்தகத்தாலும் டிபன் பாக்ஸாலும். ஆகவே திரைப்பக்கம் முதுகைப் பார்க்க இருக்கட்டும். டிபன் வேறு பையில் போகட்டும். மூடியைச் சாத்தினால் போதும் என்று விடாமல் முழுதாக அணையுங்கள். சில சமயம் அது பைக்குள் ஓடிக்கொண்டே சூடேறும். லித்தியம் பேட்டரிக்குச் சித்திரை வெயிலும் ஆகாது, நசுங்கலும் ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் உறை இல்லாமல் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் பஸ் நிலையம் வரை தண்ணீர் நின்றதை நாம் பார்த்தோம். எழுதியதை எல்லாம் வேறு ஓர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். கணினியை மறுபடி வாங்கலாம். மூன்று மாத புராஜெக்ட்டை வாங்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ஒற்றைத் தோளில் தொங்கும் பை வளைவில் முன்னால் சரியும். அதைப் பிடிக்க ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுப்போம். பின்னால் பஸ் வரும். பொருளைக் காப்பாற்றப் போய் ஆளை இழக்கக் கூடாது. இரண்டு தோளிலும் மாட்டும் பை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார், இதுதான் சரி.

2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று அரசு அறிவித்தது. அதில் சைக்கிளில் வரும் பிள்ளைகளும் இருப்பார்கள். நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு: சைக்கிள் ஸ்டாண்டுக்கு வெயிலும் மழையும் படாத கூரை ஒன்று, முதலாண்டு மாணவர்களில் சைக்கிளில் வருவோருக்கு ஆளுக்கொரு பஞ்சு உறையும் மழை உறையும். வேலையில் இருக்கும் நம்மில் ஒருவரின் ஒரு நாள் சம்பளம் பல பிள்ளைகளுக்கு உறை வாங்கக் காணும். பொதுக்குழுவில் இதைப் பேசுவோம். என் பங்கை முதலில் நான் தருகிறேன்.