யார் பார்க்கிறார்கள்?

1976-77. கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. தண்ணீர்த் தட்டுப்பாடு! பங்களாக்களில் நீச்சல் குளங்கள் காய்ந்து கிடந்தன. சான்டா மோனிகா, வெனிஸ் பகுதிப் பையன்களுக்கு இது கொண்டாட்டமாகிவிட்டது. சுவரேறிக் குதித்து, காலிக் குளத்துக்குள் ஸ்கேட்போர்டு ஓட்டினார்கள். கிண்ணம் மாதிரி வளைந்த சுவரில் ஜிவ்வென்று ஏறி, விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் திரும்பி, மறுபடி உள்ளே! தவறினால் கீழே மெத்தை கிடையாது, சிமென்ட். போலீஸ் வந்தால் ஒரே ஓட்டம்.

'இதுகளுக்குப் பயமே கிடையாதா?' என்று தோன்றும். உண்டு! அந்தரத்தில் இருக்கும் அந்த ஒரு கணத்தில் மூளை அவசரமாக ஒரு கணக்குப் போடுகிறது. பலகை காலடியில் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் அதை உதறிவிட்டு உருண்டு விழுந்து தப்பிக்க வேண்டும். இந்த விளையாட்டில் முதலில் கற்க வேண்டியதே ஒழுங்காக விழுவதுதான்!

சரி, இந்தக் கணக்கை எது மாற்றும்? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோனே, வான் ஹிப்பெல் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் 96 இளைஞர்களைச் சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். சுலபமான வித்தை ஒன்று, கஷ்டமானது ஒன்று. ஒவ்வொன்றும் பத்துத் தடவை. முதல் சுற்றில் வீடியோ எடுத்தவர் ஓர் ஆண். இரண்டாவது சுற்றில் சிலருக்கு மட்டும் ஓர் அழகான பெண்! அவ்வளவுதான்... பெண்ணுக்கு முன்னால் பாதியில் கைவிடுவது குறைந்துவிட்டது. எச்சிலைப் பரிசோதித்தால், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அதிகம்! வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அதிகமாக விழுந்தார்கள். அதிகமாக ஜெயிக்கவும் செய்தார்கள்.

அடியும் சாதனையும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. 1999, ஜூன் 27. சான் ஃப்ரான்சிஸ்கோவில் டோனி ஹாக், அந்தரத்தில் இரண்டரைச் சுற்று சுற்ற முயன்றார். அதுவரை போட்டியில் யாரும் செய்யாதது. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார்... போட்டி நேரமே முடிந்துவிட்டது. கூட்டம் விடவில்லை. கத்தியது. மீண்டும் ஏறினார். சாதித்தார்! அப்போது அவருக்கு வயது 31.

2016-ல், 48 வயதில், அதே வித்தையை இன்னொரு முறை செய்துவிட்டு 'இதுதான் கடைசி' என்று சொல்லிவிட்டார். கைவிடும் கணக்கை இந்தத் தடவை தரையில் நின்று நிதானமாகப் போட்டிருக்கிறார்! இருபது வயதுப் பையனிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியுமா? அவன் ஏதாவது விபரீத சாகசம் செய்தால், திட்டுவதற்கு முன் சுற்றிலும் ஒரு முறை பாருங்கள். அவனை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று!