நிதி ஆயோக் இன்டர்ன்ஷிப் திட்டம்

கல்லூரி மாணவர்களையும் ஆய்வு மாணவர்களையும் குறுகிய காலத்துக்கு நிதி ஆயோக்கின் பிரிவுகளில் சேர்த்துக்கொள்ளும் பயிற்சித் திட்டம். திட்டக் குழுவுக்கு மாற்றாக 2015 ஜனவரி 1 அன்று உருவான நிதி ஆயோக், இந்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பு. அலுவலகம் புது தில்லி நாடாளுமன்ற வீதியில் உள்ளது.

பயிற்சிக் காலம் குறைந்தது 6 வாரம், அதிகபட்சம் 6 மாதம். இளநிலை மாணவர் இரண்டாம் ஆண்டை முடித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் 85 விழுக்காடு கேட்கிறார்கள். வேளாண்மை, சுகாதாரம், எரிசக்தி எனப் பிரிவு எதுவானாலும் புள்ளிவிவரம் திரட்டுவதும் பழைய அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெழுதுவதுமே பெரும்பாலான வேலை. கொள்கை வகுக்கும் மேசை சற்றுத் தொலைவில்தான். முடிவில் அறிக்கை கொடுத்தால்தான் சான்றிதழ்.

உதவித்தொகை கிடையாது. உட்கார இடமும் இணைய வசதியும் தருவார்கள். மடிக்கணினியை மாணவரே கொண்டுவர வேண்டும். தில்லியில் அறை வாடகை, சாப்பாடு எல்லாம் கைக்காசுதான். ஆகவே மதிப்பெண் வரம்பைத் தாண்டி வருபவர்களையும் குடும்பத்தின் பணவசதி இன்னொரு முறை சலித்துவிடுகிறது. இதற்கு மாறாக, ரிசர்வ் வங்கியின் கோடைக்காலப் பயிற்சியில் மாத உதவித்தொகை உண்டு.