சுரங்கப்பாதை கான்கிரீட் உள்ளுறை

சுரங்கப்பாதை உள்ளுறை என்பது, நிலத்தைக் குடைந்து அமைக்கப்படும் பாதையின் சுவர் சரியாமலும் நீர் கசியாமலும் காக்கும் நிலையான தாங்கல் அமைப்பு ஆகும். முன்னர் செங்கல்லும் வார்ப்பிரும்பும் இதற்குப் பயன்பட்டன. தற்காலத்தில் எஃகுக் கம்பிகள் பதித்த வலுவூட்டிய கான்கிரீட்டே பெரும்பாலும் பயன்படுகின்றது.

அமைப்பு

இயந்திரத்தால் தோண்டப்படும் வட்டச் சுரங்கங்களில், தொழிற்சாலையில் முன்கூட்டியே வார்த்த வளைந்த துண்டங்கள் இயந்திரத்தின் பின்பகுதியில் வளையமாகப் பொருத்தப்படுகின்றன. இறுதியில் செருகப்படும் ஆப்பு வடிவத் துண்டம் சாவித் துண்டம் எனப்படும்.

எஃகின் பங்கு

கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசையை மிகக் குறைவாகவே தாங்கும். வட்ட வளையத்தை நிலம் சுற்றிலும் அழுத்துவதால் அதில் அமுக்கமே மிகுதி. அப்படியாயின் கம்பி எதற்கு என்ற கேள்வி எழலாம். நில அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இராததால் வளையம் சற்றே வளைகின்றது என்பது ஒரு காரணம். எனினும், பல சுரங்கங்களில் கம்பியின் அளவை முடிவு செய்வது நிலம் அன்று. அச்சிலிருந்து எடுக்கும்போதும், அடுக்கும்போதும், தூக்கும்போதும் துண்டம் ஓர் உத்தரம் போல வளைகின்றது. மேலும், தோண்டும் இயந்திரம் அப்போதுதான் பொருத்திய வளையத்தை ஜாக்கிகளால் உதைத்தே முன்னேறுகின்றது. அவ்வுதையில் துண்டம் பிளவுபடாமல் காப்பதும் எஃகே.

தீயின் விளைவு

நீர் புகாமல் இருக்க உள்ளுறைக் கான்கிரீட் மிக அடர்த்தியாக வார்க்கப்படுகின்றது. தீயின்போது இதே பண்பு தீமையாகின்றது. உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி, வெளியேற வழியின்றி அழுத்தம் கூடும். வெப்பத்தால் மேற்பரப்பு விரிவதும் சேர்ந்து, கான்கிரீட் வெடித்து அடுக்கடுக்காக உதிரும்.

இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கம் 1994 இல் திறக்கப்பட்டது. இதில் 1996 நவம்பர் 18 அன்று சரக்குந்துகளை ஏற்றிச் சென்ற தொடர்வண்டி தீப்பிடித்தது. உயிரிழப்பு இல்லை. ஆனால் சில இடங்களில் உள்ளுறையின் தடிப்பில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. அவ்விடத்தில் சுற்றியிருந்த சுண்ணக் களிப்பாறை உறுதியாக நின்றது நல்வாய்ப்பே. தளர்ந்த மண்ணாக இருந்திருந்தால் சுரங்கமே சரிந்திருக்கக்கூடும். உதிர்ந்த பகுதிகள் கம்பி வலை பொருத்தி, தெளிப்புக் கான்கிரீட்டால் சீரமைக்கப்பட்டன.

இதற்குத் தீர்வாகக் கான்கிரீட்டில் மெல்லிய பாலிபுரொப்பிலீன் இழைகள் கலக்கப்படுகின்றன. ஒரு கன மீட்டருக்கு 1 முதல் 2 கிலோகிராம் வரை போதுமானது. ஏறத்தாழ 160 °செ வெப்பநிலையில் இவை உருகி, நீராவி வெளியேற நுண்வழிகளை உண்டாக்குகின்றன. 2007 இல் இலண்டன் வரை நிறைவுற்ற அதிவேகத் தொடர்வண்டிப் பாதையின் சுரங்கத் துண்டங்களில் இவ்விழைகள் எஃகு இழைகளுடன் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டன. ஏற்கெனவே வார்த்த துண்டங்களில் இழையைச் சேர்க்க வழியில்லை. கால்வாய்ச் சுரங்கத்தில் 2008 செப்டம்பர் 11 அன்று மீண்டும் தீப்பிடித்தபோது உள்ளுறை மறுபடியும் உதிர்ந்தது. முழுப் போக்குவரத்து 2009 பெப்ரவரியிலேயே தொடங்கியது.