நீர்க்காகத்தின் மீன்வேட்டை

நீர்க்காகம் நீருக்குள் மூழ்கி, மீனைத் துரத்திப் பிடித்துத் தின்னும் பறவை. இதன் குடும்பத்தில் பல இனங்கள் கடலோரப் பாறைகளில் வாழ்வதால் இது கடற்பறவைகளோடு வைத்து எண்ணப்படுகிறது. ஆனால் சின்ன நீர்க்காகத்துக்குக் கடல் தேவையில்லை. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள திண்டுக்கல் சமவெளியில், குளத்துக் கரையில் நின்றே இதன் வேட்டையை முழுதாகப் பார்க்க முடியும்.

சின்ன நீர்க்காகம் சுமார் 50 செ.மீ. நீளமுள்ள கரிய பறவை. கால்கள் உடலின் பின்பகுதியில் அமைந்துள்ளன. நான்கு விரல்களையும் ஒரே சவ்வு இணைக்கிறது. நீருக்குள் இறக்கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, கால்களால் மட்டுமே உந்திச் செல்லும். இறகுகளின் வெளிப்பகுதி நனையக்கூடியது என்பதால் மிதப்பு குறைந்து மூழ்குவது எளிதாகிறது. வேட்டை முடிந்ததும் பட்டமரக் கிளையில் இறக்கைகளை விரித்து உட்கார்ந்திருப்பது இந்த ஈரத்தைக் காயவைக்கத்தான்.

நீர்ப்பரப்பிலிருந்து சின்னதாக ஒரு துள்ளு துள்ளித் தலைகீழாக உள்ளே போகும். ஒரு முழுக்கு பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீனை இது குத்துவதில்லை, அலகால் கவ்வுகிறது. மேல் அலகின் நுனியில் உள்ள கொக்கி, வழுக்கும் மீனை நழுவவிடாமல் நிறுத்துகிறது. அதே குளத்தில் மேயும் பாம்புத்தாராவின் வழி வேறு. அதற்குக் கொக்கி இல்லை; ஈட்டி போன்ற கூர் அலகு. வளைத்த கழுத்தைச் சட்டென நீட்டி மீனைக் குத்தி எடுத்து, மேலே வந்து உதறி விடுவிக்கும்.

பிடித்த மீனை நீர்க்காகம் கையாளும் விதம்தான் பார்ப்பவர் கூர்ந்து கவனிக்க வேண்டிய கட்டம். மேலே வரும்போது மீன் பெரும்பாலும் அலகில் குறுக்காக இருக்கும். பறவை தலையை உதறி, பிடியைச் சிறிது சிறிதாக மாற்றும். சில நேரம் மீனை லேசாக மேலே எறிந்து மறுபடி கவ்வும். மீனின் தலை தொண்டைப் பக்கம் திரும்பும்வரை இது தொடரும். பிறகு அலகு வானைப் பார்க்கும், கழுத்து ஒருமுறை புடைக்கும், மீன் இறங்கிவிடும். செதில்களும் துடுப்பு முட்களும் வால் பக்கமாகச் சாய்ந்திருப்பதால், தலை முதலில் போனால் அவை படிந்துகொள்ளும். வால் முதலில் போனால் தொண்டையில் குத்தி நிற்கும்.

சிறு கெண்டைக்கு இதெல்லாம் சில நொடி வேலை. கெளுத்தி அப்படியல்ல. அது முதுகு முள்ளையும் பக்க முட்களையும் விறைப்பாக நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். பறவை அதைத் திரும்பத் திரும்பக் கடித்து உதறும், நழுவவிட்டு மீண்டும் மூழ்கி எடுக்கும், சில வேளை கைவிட்டும் போகும். இந்தத் தாமதம்தான் திருட்டுக்கு வாய்ப்பு. பக்கத்தில் நீந்தும் மற்றொரு நீர்க்காகம் பறிக்க ஓடிவரும். பருந்தும் தாழப் பறந்து வட்டமிடும். மீனை வைத்திருக்கும் பறவை நீரை அடித்துக்கொண்டு விலகி ஓடும், அல்லது அவசரமாக விழுங்கும்.

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் குளங்கள் கோடையை நெருங்கும்போது வற்றிச் சுருங்குகின்றன. மீன்கள் மடைக்கு அருகில் ஆழமான பகுதியில் ஒடுங்குவதால் வேட்டையைப் பார்க்க அதுவே நல்ல காலம். காலை வெயில் முதுகுப்பக்கம் இருக்குமாறு கரையில் அமர்வது நல்லது. எதிர்வெயிலில் கரிய பறவையின் அலகில் இருப்பது என்ன மீன் என்று தெரியாது. மீனின் அளவைப் பறவையின் அலகோடு ஒப்பிட்டுக் கணிப்பது வழக்கம். சின்ன நீர்க்காகத்தின் அலகு சுமார் 3 செ.மீ.; அதைப் போல் இரண்டு மடங்கு நீண்ட மீன் ஏறக்குறைய 6 செ.மீ. இருக்கும். மிகச் சிறிய மீன்களைப் பறவை நீருக்குள்ளேயே விழுங்கிவிடலாம் என்பதால், வெறும் அலகோடு மேலே வந்த முழுக்கை எல்லாம் தோல்வி என்று குறிப்பேட்டில் எழுதிவிடக் கூடாது.