லயத்துக்குக் கடைசியாக வந்த காற்று

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் காற்றுக்கும் தரம் பிரிக்கப்பட்டிருந்தது. துரை பங்களா மேட்டில் இருக்கும். உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம். மின்சாரம் வருமுன் வெள்ளையர் வீடுகளில் தொங்கிய துணி விசிறியைக் கயிறு கட்டி இழுக்க ஓர் ஆள் இருப்பார். காற்று வாங்கியவர் ஒருவர், வியர்த்தவர் இன்னொருவர்!

தொழிலாளர் லயத்தில் அத்தாப்புக் கூரை போய்த் தகரம் வந்தபோது ஒழுகல் குறைந்தது, வெக்கை கூடியது. பால்மரம் சீவிவிட்டு வந்தவருக்கு நண்பகலில் வீட்டைவிட மர நிழலே மேல். பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம்தான் ஓடியது. காற்றாடி வாங்கி வைத்தவரும், அது நின்றதும் பாயை வாசலுக்கு இழுத்துப் போட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் ஃபிலிப் டீல் மின்சாரக் கூரைக் காற்றாடியை உருவாக்கியது 1880களில். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் கொடுப்பது முதலாளியின் கடமை என்று மலேசியாவின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் சொன்னது 1990இல். நூறாண்டு இடைவெளி.

மின்சாரம் வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. காற்றாடி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி உடம்பைத்தான் குளிர்விக்கிறது. உள்கூரை இல்லாத தகரத்தின் கீழ் அது சூட்டையே கீழே தள்ளும். ஆளில்லாத அறையில் சுற்றினால் கரண்ட் வீண்.

பின்னர் சிரம்பான், நீலாய் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. லயத்துப் பிள்ளைகள் தாமான் வீடுகளில் ஏர்கோன் பொருத்தினார்கள். பழைய வகைக் காற்றாடிக்குச் சுமார் 75 வாட் போதும். சாதாரண ஒரு குதிரைத்திறன் ஏர்கோனுக்கு ஏறக்குறைய அதில் பத்து மடங்கு வேண்டும். இரண்டும் உள்ள வீட்டில் காற்றாடியைச் சுற்றவிட்டு, ஏர்கோனை இரண்டு டிகிரி உயர்த்தி வைத்தாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.